நடுக் கட்டத்தில் 24 ஏன்?

திருவண்ணாமலையை வலம் வந்தவர்களுக்கு அந்த வழி நன்றாகத் தெரியும்.

மொத்தம் 14 கிலோ மீட்டர். நடுவில் மலை. சுற்றிலும் எட்டுத் திக்கில் எட்டு லிங்கங்கள். கிழக்கே இந்திர லிங்கம். தென்கிழக்கே அக்னி லிங்கம். தெற்கே எம லிங்கம். தென்மேற்கே நிருதி லிங்கம். மேற்கே வருண லிங்கம். வடமேற்கே வாயு லிங்கம். வடக்கே குபேர லிங்கம். வடகிழக்கே ஈசான்ய லிங்கம்.

மேற்குப் பக்கம் நடந்து போகும்போது வருகிற ஊர்தான் அடி அண்ணாமலை. "ஆதி அண்ணாமலை" என்றும் சொல்வார்கள். மலையின் அடியில் இருக்கிற ஊருக்குப் பொருத்தமான பெயர்!

இந்த வழியை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். நடுவில் ஒரு கட்டம் போடுங்கள். அது மலை. அதைச் சுற்றி எட்டுக் கட்டங்கள் போடுங்கள். அவை எட்டு லிங்கங்கள். ஆக மொத்தம் ஒன்பது கட்டங்கள்.

ஒன்பது கட்டங்களா? எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே!

ஆம். பூஜை அறையில் போடுகிறார்களே, குபேர கோலம், அதுவும் இதே ஒன்பது கட்டம்தான். அரிசி மாவினால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணை எழுதி, நாணயமும் பூவும் வைப்பார்கள். எண்கள் இப்படி இருக்கும்:

27 – 20 – 25
22 – 24 – 26
23 – 28 – 21

இடமிருந்து வலமாகக் கூட்டுங்கள். 72. மேலிருந்து கீழாகக் கூட்டுங்கள். 72. மூலைக்கு மூலை குறுக்காகக் கூட்டுங்கள். அப்போதும் 72!

கோலம் போடும் அம்மாவிடம் பிள்ளை கேட்கிறது:

"ஏம்மா, நடுவிலே 24 எதுக்கு? 25 போட்டா என்ன?"

"அப்படித்தான் போடணும். ஆயா சொல்லிக் கொடுத்தது."

பேச்சு முடிந்தது. பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

அந்த வாயை மூட வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வேண்டுகோள். கோலத்தின் மேல் வைக்கும் நம்பிக்கை அவரவர் விருப்பம். அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் அதில் உள்ள கணக்கு எல்லாருக்கும் பொது. பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. அதற்கு நல்ல பதிலும் இருக்கிறது. கூட்டவும் கழிக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

கணக்கைப் பார்ப்போம்

20-லிருந்து 28 வரை ஒன்பது எண்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 216.

மூன்று வரிசைகள் இருக்கின்றன. மூன்றும் சமமாக இருக்க வேண்டும். 216-ஐ மூன்றால் வகுத்தால் 72. கூட்டுத்தொகை ஏன் 72 என்பது தெரிந்துவிட்டது.

அடுத்தது நடுக் கட்டம். நடுக் கட்டத்தின் வழியாக நான்கு கோடுகள் போகின்றன. படுக்கைக் கோடு ஒன்று. நெட்டுக் கோடு ஒன்று. குறுக்குக் கோடுகள் இரண்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் 72. நான்கு கோடுகளுக்கும் சேர்த்து 288.

இந்த 288-ல் சுற்றிலும் உள்ள எட்டு எண்களும் ஒவ்வொரு முறைதான் வந்திருக்கின்றன. நடு எண் மட்டும் நான்கு முறை வந்திருக்கிறது. ஒன்பது எண்களையும் ஒரு முறை கழித்துவிடுங்கள். 288-லிருந்து 216 போனால் மீதி 72. இந்த 72 என்பது நடு எண்ணின் மூன்று மடங்கு. 72-ஐ மூன்றால் வகுத்தால்?

24!

அதனால்தான் நடுவில் 24. வேறு எந்த எண்ணை வைத்தாலும் கணக்கு உதைக்கும்.

இன்னும் ஒரு படி போவோம். 20 ஏன் மூலையில் இல்லாமல், பக்கத்தின் நடுவில் இருக்கிறது?

மூலையில் உள்ள எண்ணுக்கு மூன்று கோடுகள் உண்டு. படுக்கை ஒன்று, நெட்டு ஒன்று, குறுக்கு ஒன்று. ஆகவே அதற்கு மூன்று ஜோடிகள் வேண்டும். 20-க்கு 72 ஆக இன்னும் 52 தேவை. 52 தருகிற ஜோடிகள் எவை? 24-ம் 28-ம். 25-ம் 27-ம். அவ்வளவுதான், மூன்றாவது ஜோடி கிடையாது. ஆகையால் 20-க்கு மூலையில் இடமில்லை. இதே காரணத்தால் 28-க்கும் மூலையில் இடமில்லை. நீங்களே ஜோடிகளை எண்ணிப் பாருங்கள்.

இப்போது 20-ஐ மேலே நடுவில் வையுங்கள். அதன் இரு பக்கத்திலும் 25-ம் 27-ம் வந்து உட்காரும். நேர் கீழே 28 வரும். மற்ற கட்டங்கள் தாமாகவே நிறையும். முழுக் கோலமும் வந்துவிடும். கோலத்தைத் திருப்பிப் போடலாம். இடம் வலம் மாற்றிப் போடலாம். ஆனால் வேறு ஒரு கோலம் போட முடியாது.

ஆயா சொன்னது சரிதான். ஏன் சரி என்று இப்போது பேரப் பிள்ளைக்கும் தெரியும். இதனால் ஆயாவின் மதிப்பு குறைந்ததா? கூடியது!

கட்ட விளையாட்டின் கதை

ஒன்பது கட்டம் இன்று 81 கட்டமாக வளர்ந்து, உலகம் முழுவதும் சுற்றுகிறது. பத்திரிகைகளில் தினமும் வருகிற "சுடோகு" புதிர்தான் அது.

பெயர் ஜப்பானியப் பெயர். ஆனால் பிறந்த இடம் அமெரிக்கா! ஹோவர்டு கார்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் அமைத்த இந்தப் புதிர், 1979-ல் அமெரிக்கப் புதிர்ப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. 1984-ல் ஜப்பானுக்குப் போனது. அங்கே நிக்கோலி என்ற நிறுவனம் அதற்குப் பெயர் சூட்டியது. 2004 நவம்பரில் லண்டன் "டைம்ஸ்" பத்திரிகையில் இடம் பிடித்தது. பிறகு காட்டுத் தீ போலப் பரவியது. உலக சுடோகு போட்டி 2008-ல் நம் நாட்டில் கோவாவில் நடந்தது. 2017-ல் பெங்களூரில் நடந்தது.

விதி மிகவும் எளிது. ஒன்பது வரிசை, ஒன்பது பத்தி. அவற்றுக்குள் ஒன்பது பெரிய கட்டங்கள். ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு பத்தியிலும், ஒவ்வொரு பெரிய கட்டத்திலும் 1 முதல் 9 வரை எல்லா எண்களும் ஒரு முறை வரவேண்டும். சில எண்களை முன்கூட்டியே கொடுத்திருப்பார்கள். மீதியை நாம் நிரப்ப வேண்டும்.

இதில் கூட்டல் கிடையாது. கழித்தல் கிடையாது. ஒன்பது எண்களை அடையாளம் தெரிந்தால் போதும். நேற்று எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவரும் இன்று உட்கார்ந்து போடலாம்.

குறைந்தது எத்தனை எண்கள் கொடுத்தால் ஒரே ஒரு விடை வரும்? 17 என்கிறார்கள். 16 கொடுத்தால் போதாது என்பதை அயர்லாந்தில் டப்ளின் நகர ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டரைக் கொண்டு கண்டறிந்து 2012-ல் அறிவித்தார்கள்.

அப்படியானால், இரண்டே எண்களைக் கொடுத்து 81 கட்டங்களையும் நிரப்பச் சொன்னால்?

இரண்டே எண்கள்!

2020-ம் ஆண்டு மே மாதம். கொரோனாவுக்குப் பயந்து உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்த நேரம்.

இங்கிலாந்தில் சைமன் ஆண்டனி, மார்க் குட்லிஃப் என்று இரண்டு நண்பர்கள். இருவருக்கும் புதிர் என்றால் உயிர். சைமன் ஆண்டனி முன்பு முதலீட்டு வங்கித் தொழிலில் இருந்தவர். மார்க் குட்லிஃப், டைம்ஸ் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியில் பல முறை வென்றவர். இவர்கள் "கிராக்கிங் தி கிரிப்டிக்" என்ற பெயரில் யூடியூப்பில் புதிர் போட்டுக் காட்டுகிறார்கள்.

ஒரு நாள் சைமன் ஆண்டனிக்கு ஒரு புதிர் வந்தது. அமைத்தவர் மிட்செல் லீ. 81 கட்டங்கள். அதில் கொடுக்கப்பட்டிருந்த எண்கள் இரண்டே இரண்டு. ஒரு 1, ஒரு 2. மற்ற 79 கட்டங்களும் காலி!

யாரோ கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் அவர் நினைத்தார். போட ஆரம்பித்தார். சிறிது நேரத்தில் முகம் மாறியது. ஓர் எண் விழுந்தது. அடுத்தது விழுந்தது. வியப்பில் சிரிக்கத் தொடங்கினார். சுமார் 25 நிமிடத்தில் 81 கட்டமும் நிறைந்துவிட்டது. "அதிசய சுடோகு" என்று அதற்குப் பெயர் வந்தது. அடைபட்டுக் கிடந்த பல லட்சம் மக்கள் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள்.

ஒருவர் உட்கார்ந்து கட்டம் நிரப்புகிறார். இதில் பார்க்க என்ன இருக்கிறது? பாட்டு இல்லை. சண்டை இல்லை.

அவர் வாய்விட்டு யோசித்தார். அதைத்தான் மக்கள் பார்த்தார்கள். "இந்த எண் இங்கே வராது. ஏன் என்றால் இது இருக்கிறது. அங்கே வராது. ஏன் என்றால் அது இருக்கிறது" என்று ஒவ்வொரு படியிலும் காரணம் சொன்னார். தடுமாறிய போதும் மறைக்கவில்லை. ஒரு மனிதனின் மூளை எப்படி நடக்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்தது. அதைவிட வேடிக்கை வேறு என்ன வேண்டும்?

நாமும் ஒரு கட்டம் போடுவோம்

17 எண்கள் வேண்டிய இடத்தில் இரண்டு எப்படிப் போதும்? மந்திரம் ஒன்றும் இல்லை. வழக்கமான விதிகளோடு இன்னும் மூன்று விதிகளைச் சேர்த்திருந்தார்கள். எண்கள் செய்ய வேண்டிய வேலையை விதிகள் செய்தன.

சதுரங்கம் தெரிந்தவர்களுக்கு இந்த விதிகள் சுலபம். தமிழ்நாட்டில் சதுரங்கம் தெரியாத தெரு உண்டா? விசுவநாதன் ஆனந்த் பிறந்த மாநிலம். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த மாநிலம். 2024-ல் குகேஷ் உலகப் பட்டம் வென்று வந்த மாநிலம்!

முதல் விதி: குதிரை தாவும் தூரத்தில் ஒரே எண் இருக்கக் கூடாது. குதிரை நேராக இரண்டு கட்டம் போய், பக்கவாட்டில் ஒரு கட்டம் திரும்பும்.

இரண்டாவது விதி: ராஜா நகரும் தூரத்தில் ஒரே எண் இருக்கக் கூடாது. அதாவது பக்கத்துக் கட்டத்தில் மட்டும் அல்ல, மூலை தொடும் கட்டத்திலும் கூடாது.

மூன்றாவது விதி: ஒட்டி இருக்கும் கட்டங்களில் அடுத்தடுத்த எண்கள் வரக் கூடாது. 2-க்குப் பக்கத்திலோ மேலோ கீழோ 1-ம் 3-ம் வரக் கூடாது.

மொத்தம் ஒன்பது வரிசைகளில், நடுவில் உள்ள மூன்று வரிசைகளை மட்டும் இங்கே எழுதுகிறோம். நடுப் பெரிய கட்டத்தில் உள்ள ஒன்பது இடங்களுக்கும் உயிரெழுத்துக்களைப் பெயராக வைத்திருக்கிறோம்.

4-வது வரிசை: – – – | அ ஆ இ | – – –
5-வது வரிசை: – – 1 | ஈ உ ஊ | – – –
6-வது வரிசை: – – – | எ ஏ ஐ | 2 – –

நடுக் கட்டத்தில் 1 எங்கே வரும்? பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள்.

ஈ, உ, ஊ மூன்றிலும் வராது. ஏன்? அதே வரிசையில் ஏற்கனவே 1 இருக்கிறது.

அ, எ இரண்டிலும் வராது. ஏன்? அவை 1-ன் மூலையைத் தொடுகின்றன. ராஜா விதி தடுக்கிறது.

ஆ, ஏ இரண்டிலும் வராது. ஏன்? 1-லிருந்து குதிரை தாவினால் அங்கேதான் வந்து விழும்.

ஐ-யிலும் வராது. ஏன்? ஒட்டினாற்போல் 2 இருக்கிறது.

எட்டு இடங்கள் போய்விட்டன. மிச்சம் என்ன? "இ" ஒன்றுதான். 1 அங்கேதான் வந்தாக வேண்டும்!

இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது? யூகம் எங்கே இருக்கிறது? எட்டு "ஏன்" கேட்டோம். எட்டுக்கும் பதில் சொன்னோம். ஒன்பதாவது இடம் தானாக வந்து கையில் விழுந்தது. மீதி எழுபத்தெட்டுக் கட்டங்களும் இப்படித்தான், ஒன்றன்பின் ஒன்றாக. உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்த அந்தப் புதிரில், முதல் படியை நீங்கள் ஏறிவிட்டீர்கள்.

யூகம் கைவிடும்

"காரணம் எல்லாம் எதற்கு? குத்துமதிப்பாகப் போட்டால் ஆகாதா?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஒரு பழைய கதை.

ஆய்லர் என்று ஒரு கணித மேதை, சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். அவர் ஒரு கட்டப் புதிரைப் போட்டார். 1782-ல் அது அச்சில் வந்தது. ஆறு பட்டாளங்கள். ஒவ்வொரு பட்டாளத்திலிருந்தும் ஆறு அதிகாரிகள். ஆறு பேருக்கும் ஆறு வேறு பதவிகள். மொத்தம் 36 பேர். இவர்களை ஆறு வரிசையாக, ஆறு பத்தியாக நிறுத்த வேண்டும். எந்த வரிசையிலும் எந்தப் பத்தியிலும் ஒரே பட்டாளத்துக்காரர் இருவர் இருக்கக் கூடாது. ஒரே பதவிக்காரர் இருவரும் இருக்கக் கூடாது.

ஆய்லரால் முடியவில்லை. "இது நடக்காது" என்று முடிவுகட்டினார். அதோடு நிற்கவில்லை. "ஆறுக்கு மட்டும் அல்ல, பத்துக்கும் நடக்காது, பதினான்குக்கும் நடக்காது" என்று யூகமாகச் சொல்லிவைத்தார்.

1901-ல் டாரி என்ற பிரெஞ்சுக்காரர் எல்லா வழிகளையும் பொறுமையாகச் சரிபார்த்தார். ஆறுக்கு முடியாது என்பது உண்மை என்று காட்டினார். ஆய்லர் ஜெயித்தார்.

ஆனால் 1959-ல் என்ன நடந்தது? ஆர்.சி. போஸ், எஸ்.எஸ். ஸ்ரீகண்டே என்ற இரண்டு இந்தியர்களும், பார்க்கர் என்ற அமெரிக்கரும் பத்துக்கு வழி இருக்கிறது என்று கட்டம் போட்டே காட்டிவிட்டார்கள்! 177 ஆண்டுகளாக நின்ற யூகம் சரிந்தது. "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை இதை முதல் பக்கத்தில் போட்டது.

ஆய்லர் சாதாரண மனிதர் அல்ல. அவருடைய யூகமே பொய்த்தது என்றால், நம்முடைய குத்துமதிப்பு எம்மாத்திரம்?

கதை இன்னும் முடியவில்லை. விதியை மாற்றினால் புதிரும் மாறும் அல்லவா? 2022-ல் சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்களும் போலந்து நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து அந்த 36 அதிகாரிகளை மறுபடியும் கையில் எடுத்தார்கள். ஓர் அதிகாரி ஒரே சமயத்தில் பல பட்டாளங்களின், பல பதவிகளின் கலவையாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டார்கள். அணுவுக்குள் உள்ள துகள்களின் உலகில் அப்படிப்பட்ட கலவை உண்டு. அந்த உலகத்தின் விதிப்படி 36 பேரையும் நிறுத்த முடியும் என்று காட்டினார்கள். கட்ட விளையாட்டு என்று அலட்சியம் செய்தது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

ராமானுஜன் காரணம் எழுதினாரா?

இங்கே ஒருவர் குறுக்கே வரலாம். "நம்முடைய ராமானுஜன் விடையை மட்டும்தானே எழுதினார்? காரணம் எழுதவில்லையே?" என்பார்.

நியாயமான கேள்வி. ஈரோட்டில் 1887-ல் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். அவருடைய நோட்டுப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே மாயச் சதுரம் பற்றியதுதான். எப்படிக் கூட்டினாலும் ஒரே தொகை வருகிற, நம் குபேர கோலம் போன்ற கட்டங்கள்!

அந்த நோட்டுகளில் விடைகள் நிறைந்திருக்கின்றன. காரணங்கள் மிகக் குறைவு. ஏன்? காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் கணக்குப் போடுவார். முழங்கையால் அழிப்பார். முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். காரணம் சிலேட்டோடு அழிந்து போயிற்று.

அதனால் என்ன ஆயிற்று? 1920-ல் அவர் மறைந்த பிறகு, அந்த விடைகளுக்குக் காரணம் தேடி உலகக் கணித மேதைகள் பல்லாண்டு பாடுபட்டார்கள். அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் இந்த வேலையை ஐந்து பெரிய புத்தகங்களாக வெளியிட்டார். முதல் புத்தகம் 1985-ல் வந்தது. ஐந்தாவது 1998-ல் வந்தது!

ராமானுஜனுக்குக் காரணம் தெரியாமல் இல்லை. எழுதிவைக்கக் காகிதம்தான் இல்லை. நம் பிள்ளைகளிடம் காகிதம் இருக்கிறது. பேனா இருக்கிறது. செல்போன்கூட இருக்கிறது. "ஏன்" என்று கேட்பதற்கு ஆள்தான் இல்லை.

அடி வேண்டாம், அடிப்படை வேண்டும்

பல வீடுகளில் கணக்கு என்றாலே பயம். மார்க் குறைந்தால் திட்டு. சில வீடுகளில் அடியும் விழுகிறது. பிள்ளை என்ன செய்யும்? கைடைப் பார்த்து மனப்பாடம் செய்யும். எண்ணை மாற்றிக் கேட்டால் திருதிரு என்று விழிக்கும்.

அடியால் கணக்கு வராது. அடிப்படையால்தான் வரும். அந்த அடிப்படையைச் சொல்லித் தரப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் போதும். பத்திரிகையில் வரும் கட்டப் புதிரை நடுவில் போட்டுக்கொண்டு, வீட்டில் எல்லாரும் சுற்றி உட்காருங்கள்.

ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை எழுதுகிறவர் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல முடியாவிட்டால் எழுதக் கூடாது. இந்தச் சட்டம் பிள்ளைக்கும் உண்டு. அப்பாவுக்கும் உண்டு. தாத்தாவுக்கும் உண்டு!

பெரியவர்கள் விடையைச் சொல்லிவிடாதீர்கள். "வேறே எங்கெல்லாம் வராது, சொல்லு பார்ப்போம்" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை தவறாக எழுதினால் ரப்பரைக் கொடுங்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். உலகம் பார்க்கப் புதிர் போடுகிறவரே அழித்து அழித்துத்தான் எழுதுகிறார்.

செல்போனில் புதிர் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் "உதவி" என்று ஒரு பொத்தான் இருக்கும். தட்டினால் விடை வந்து விழும். அதைத் தொடாதீர்கள். பந்தியில் உட்கார்ந்து, அடுத்தவனைச் சாப்பிடச் சொல்லிவிட்டு எழுந்து வருவது போல் ஆகும்.

சின்னப் பிள்ளைகளுக்கு 81 கட்டம் பெரிது. தரையில் சாக்கட்டியால் நான்குக்கு நான்கு, பதினாறு கட்டம் போடுங்கள். அதை நான்கு பெரிய கட்டமாகப் பிரியுங்கள். புளியங்கொட்டை நான்கு, பட்டாணி நான்கு, மிளகாய் நான்கு, கூழாங்கல் நான்கு. எந்த வரிசையிலும், எந்தப் பத்தியிலும், எந்தப் பெரிய கட்டத்திலும் ஒரே பொருள் இரண்டு முறை வரக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதில் சேரலாம். பேரனைத் தோற்கடிக்கவும் செய்யலாம்!

"சுடோகு போட்டால் மூளை வளரும், மறதியே வராது" என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அப்படி நாம் வாக்குக் கொடுக்கவில்லை. இது மருந்து அல்ல, விளையாட்டு. ஆனால் விளையாட்டோடு ஒரு பழக்கம் வரும். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கிற பழக்கம். காரணம் இல்லாமல் ஒரு முடிவுக்கு வராத பழக்கம்.

அந்தப் பழக்கம் புதிரோடு நிற்காது. "நூறு நாளில் பணம் இரட்டிப்பு" என்று ஒருவன் வாசலில் வந்து நின்றால், "எப்படி?" என்று கேட்கும். செல்போனில் ஒரு வதந்தி வந்தால், "யார் சொன்னது?" என்று கேட்கும். அப்படிக் கேட்கிற வீட்டை ஏமாற்றுவது சுலபம் அல்ல. குபேரன் அருள் இருக்கட்டும். இருக்கிற காசைக் காப்பாற்றவும் ஒரு "ஏன்" வேண்டும் அல்லவா?

உங்களுக்கு ஒரு புதிர்

இந்த வாரம் வீட்டில் போட்டுப் பார்க்க ஒரு புதிர் தருகிறோம்.

ஒன்பது கட்டம் போடுங்கள். 11 முதல் 19 வரை ஒன்பது எண்கள். எப்படிக் கூட்டினாலும் ஒரே தொகை வரவேண்டும். தொகை எவ்வளவு? நடுவில் எந்த எண்? எந்த எண்கள் மூலைக்குப் போகக் கூடாது? ஏன்?

விடையை அடுத்த வாரம் வெளியிட மாட்டோம். அதற்கு அவசியம் இல்லை. காரணம் சரியாக இருந்தால் விடை சரி என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் போட்டு முடிக்கும் பிள்ளைக்குப் பரிசு கிடையாது. ஏன் என்று சொல்லும் பிள்ளைக்குத்தான் பரிசு. என்ன பரிசு என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்!